ஏழாம் லாயத்து மாப்பிள்ளை

செத்துப்போன குதிரை வேலைக்கு வந்த கதையைக் கேக்கணும்னா, உயிரோட இருந்தப்ப அதுக்கு என்ன வேலைன்னு மொதல்ல தெரிஞ்சிக்கணும். அது தெரியாம கேட்டா நான் புளுகுறேன்னுதான் தோணும். தோணினா எழுந்து போய்க்கலாம், எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது.

தளி ஊருக்கு அந்தப் பக்கம், இப்ப ரோஜாக் கொட்டகைங்க வரிசையா நிக்கிற இதே மண்ணுலதான் அந்தக் குதிரைப்பண்ணை இருந்துச்சு. ரேஸுக்குப் போற ஜாதிக் குதிரைங்களை இனம் சேத்து, குட்டி போடவச்சு, குட்டிங்களை விக்கிற பண்ணை. நான் முனிரத்னா, இருபது வருஷம் அங்க குதிரைமசால் தீவனம் அறுத்தவ. அறுத்து, கட்டி, தலையில தூக்கிட்டுக் காலைல ஏழு மணிக்கு ஒரு நடை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு நடை, ஒவ்வொரு லாயமா போட்டுட்டு வருவேன். அதனால பண்ணையில எது எப்ப கனைக்கும், எது எப்ப மூஞ்சியத் திருப்பிக்கும்னு மேனேஜரை விட எனக்கு நல்லாத் தெரியும்.

பொலிக்குதிரைன்னு ஒண்ணு இருந்துச்சு, பொட்டைங்களை சினையாக்க சீமையிலருந்து பிளேன்ல வந்தவன். அவனுக்கு ஃபேன், கொசுவலை, காலுக்கு எண்ணெய், பாத்துக்க ரெண்டு ஆளு. ஆனா பொட்டைக்குதிரை மனசு எந்த நாள்ல இசையும்னு யாருக்கும் தெரியாது, இசையாத நாள்ல கிட்டப் போனா பின்னங்காலால ஒரே எத்து, சீமைக்குதிரை முட்டி தெறிச்சிடும். அவ்வளவு வெல குடுத்து வாங்கினவனை எத்து வாங்க விடுவாங்களா? அதுக்குன்னு ஒரு நாட்டுக்குதிரையை வச்சிருப்பாங்க. நெஞ்சு உசரத்துக்குப் பலகைச் சுவரு, சுவருக்கு அந்தப் பக்கம் இவன், இந்தப் பக்கம் பொட்டைங்களை ஒண்ணொண்ணா கொண்டுவந்து நிறுத்துவாங்க. இவன் கனைப்பான், எட்டி மோந்து பாப்பான், கொஞ்சுவான். அவ காதை மடக்கிக் கத்தினா இன்னைக்கு நாள் இல்ல, அசையாம நின்னு சாஞ்சு குடுத்தா நாள் வந்துடுச்சு. நாள் வந்ததும் கயிறைப் பிடிச்சு அவளை சீமைக்குதிரைகிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க. இவன் பலகைமேல தாடையை வச்சுக்கிட்டு அவ போற திக்கையே பாத்துட்டு நிப்பான். ஒவ்வொரு சீசனும், ஒவ்வொரு காலையிலயும், நாப்பது பொட்டைங்க. ஒன்பது வருஷம். ஆபீஸ்ல அவனுக்கு டீசர்னு பேரு. நாங்க மாப்பிள்ளைன்னு கூப்பிட்டோம். அப்ப அது எங்களுக்குச் சிரிப்பா இருந்துச்சு, அந்தச் சிரிப்புக்கு நான் இன்னைக்கும் வெக்கப்படறேன்.

செம்மண் நெறமும் வெள்ளையுமா திட்டுத்திட்டா இருப்பான். காது ரெண்டும் உள்ளுக்கு வளைஞ்சு நுனியோட நுனி தொட்டுக்கும். ஜாதிக்குதிரையில அந்தத் திட்டும் வராது, அந்தக் காதும் வராது, இதை ஞாபகம் வச்சுக்கங்க. ஏழாம் லாயம் அவனோடது. அவனைப் பாத்துக்கிட்டவரு தஸ்தகீர் பாய், வாணியம்பாடிக்காரரு. பொண்டாட்டி செத்து, ஒரே பொண்ணு ஷம்ஷாத்தைக் கட்டிக்குடுத்துட்டு, குதிரைக்குப் பக்கத்து அறையிலயே சமைச்சுத் தின்னுட்டுக் கெடந்த மனுஷன். அவரு ஒவ்வொரு சீசன் முடிவுலயும் மேனேஜர் பொன்னப்பாகிட்ட போய் நிப்பாரு: "சார், இந்த வருஷமாச்சும் அவனுக்கு ஒரு பொட்டையக் காட்டுங்க சார். நாட்டுப் பொட்டையா இருந்தாக்கூடப் போதும்." பொன்னப்பா குடகுக்காரரு, பட்டாளத்துல குதிரைமேல இருந்தவரு, கெட்டவரு இல்ல. "அடுத்த சீசன் பாக்கலாம் தஸ்தகீர்" அம்பாரு. அந்த அடுத்த சீசன் எட்டு தடவை வந்து எட்டு தடவை போச்சு.

ஒன்பதாவது வருஷம் ஐப்பசியில, நெசமாவே தேன்கனிக்கோட்டையிலருந்து ஒரு பொட்டை வண்டிக்குதிரையைக் கொண்டாந்து கட்டினாங்க. பாய் மாப்பிள்ளையைத் தேய்ச்சுக் குளிப்பாட்டி, பிடரிமயிரை வாரிவிட்டு, "இன்னைக்கு உனக்குத்தாண்டா ராசா"ன்னு காதுல சொன்னாரு. நான் பாத்துட்டுதான் இருந்தேன். அன்னைக்குன்னு பாத்து கோயமுத்தூர்லருந்து முதலாளி காரு உள்ள நுழையுது. வண்டிக்குதிரை இங்க என்ன பண்ணுதுன்னு கேட்டா பதில் சொல்லணுமேன்னு பொன்னப்பா அதைப் பின்வாசல் வழியா ஓட்டிவிட்டுட்டாரு. மாப்பிள்ளை அன்னைக்குப் பூரா பலகைகிட்டயே நின்னான். மசாலும் தொடல, தண்ணியும் தொடல. மார்கழியில வயித்துவலி வந்து, டாக்டர் எழிலரசியம்மா ஊசிமேல ஊசி போட்டும் கேக்காம, பாய் மடியில தலையை வச்சு செத்துப்போனான். வேப்பமரத்துக்கிட்ட புதைச்சோம். பாய் அவன் வாலுலருந்து கொஞ்சம் முடி எடுத்து முறுக்கிக் கையில காப்பு மாதிரி கட்டிக்கிட்டாரு.

மாசியில சீசன் ஆரம்பிச்சுது. புது டீசர் இன்னும் வந்து சேரல. வழக்கம் தப்பக்கூடாதேன்னு பொட்டைங்களை அந்தப் பலகைச் சுவரு வழியாத்தான் நடத்திட்டுப் போனாங்க. மொத பொட்டை சுவருகிட்ட வந்ததும் உள்ளேருந்து மாப்பிள்ளை கனைச்சான். பொட்டை நின்னுச்சு. காதை மடக்கிக் கத்துச்சு. "இன்னைக்கு நாள் இல்ல" அப்படின்னு பாய் வழக்கம்போல சொன்னாரு, சொல்லிட்டு அடுத்ததைக் கூப்பிட்டாரு. அவ்வளவுதான் நடந்துச்சு. யாரும் ஓடல, யாரும் விழல. நாப்பது பொட்டைங்களைப் பாக்கணும், வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும், நின்னு பயப்பட யாருக்கு நேரம் இருந்துச்சு?

அப்படியே பழகிட்டோம். புது டீசர் வேணாம்னு பொன்னப்பா கடிதாசி போட்டுட்டாரு. காலித் தொட்டியில தண்ணி ரொப்பினா சாயங்காலம் பாதி கொறஞ்சிருக்கும், மசால் போட்டா காம்பு மட்டும் மிஞ்சும், ஆனா சாணம் கெடையாது. பெருக்கறவன், பண்ணையிலயே நல்ல குதிரை இதுதான்னு சர்ட்டிபிகேட் குடுத்தான். லாடம் அடிக்கிறவரு மாசாமாசம் வருவாரு, ஏழாம் லாயத்து வாசல்ல பெட்டியத் தொறந்து வச்சுட்டு அரைமணி நேரம் உக்காந்து டீ குடிச்சுட்டுப் போவாரு, மரியாதைக்கு. எழிலரசியம்மா நோட்டுல மத்த லாயத்துக்கெல்லாம் 'பார்த்தேன்'னு எழுதி ஏழாவதுக்கு மட்டும் 'கேட்டேன்'னு எழுதுவாங்க. கல்யாணம் தள்ளிப்போற பொண்ணுங்களைப் பெத்தவங்க சுத்துப்பட்டு ஊருலருந்து வந்து பலகைமேல ஊறவச்ச கொள்ளை வச்சுட்டுப் போனாங்க. கோயில் பூசாரி, பாய் வளத்த குதிரை நம்ம கணக்குல வராதுன்னாரு. பள்ளிவாசல் அஸ்ரத்து, குதிரைக்கு நாங்க ஒண்ணும் ஓதறதில்லன்னாரு. ரெண்டு பேரும் ஒரே பைக்குல வந்து, கேட்டுட்டு, ஒரே பைக்குல போனாங்க.

அந்த மொத சீசன்லதான் தப்பு நடந்துச்சு. லேடி மார்கரெட்னு ஒரு கெழட்டுப் பொட்டை, நாங்க மார்கட்டம்மான்னு சொல்லுவோம், பத்தொன்பது வயசு. ரெண்டு வருஷமா சினை நிக்கலன்னு அவளை அந்த வருஷம் சீமைக்குதிரைகிட்ட விடவேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா மத்ததெல்லாம் சுவருகிட்ட போறப்ப இவளை மட்டும் விட்டா மசால் தின்னமாட்டா, ரோஷக்காரி. அதனால சும்மாவாச்சும் கூட்டிட்டுப் போய் நிறுத்தி, அவ சாஞ்சு நின்னு ஆசை தீந்ததும் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவோம். வேற ஒரு குதிரை நெழலும் அவமேல படல, இது சத்தியம். பதினோரு மாசம் கழிச்சு மார்கட்டம்மா ஒரு பொட்டைக்குட்டி போட்டா. செம்மண்ணும் வெள்ளையும் திட்டுத்திட்டா. ஈரம் காஞ்சதும் காது ரெண்டும் உள்ளுக்கு வளைஞ்சு நுனி தொட்டுக்கிச்சு.

குட்டி முடியைப் பிடுங்கி சோதனைக்கு அனுப்பினாங்க. தாய் சரி, தகப்பன் உங்க பொலிக்குதிரை இல்லைன்னு பதில் வந்துச்சு. பாய் கைக்காப்புலருந்து மூணு முடி உருவி அனுப்பினோம். இதுதான் தகப்பன், எப்போ செத்துச்சுன்னு கேட்டு எழுதியிருந்தாங்க. பதினாலு மாசம் ஆச்சுன்னு பொன்னப்பா உண்மைய எழுதினாரு. அதுக்கப்புறம் அங்கேருந்து கடிதாசியே வரல. ஜாதிப் புஸ்தகத்துல பேரு ஏறாத குட்டி ரேஸுக்குப் போகாது, ரேஸுக்குப் போகாததை முதலாளி வச்சுக்கமாட்டாரு. மார்கட்டம்மாவுக்குப் பாலும் இல்ல. நான்தான் புட்டியில ஊட்டினேன், பொம்மின்னு பேரு வச்சதும் நான்தான். மசால் கட்டுக்குப் பின்னாடியே வருவா, கட்டு எங்க போகுதோ அங்க போவா. ஏழாம் லாயத்துக்குப் போறப்ப மட்டும் அவளைக் கட்டிப்போட்டுட்டுப் போவேன், பண்ணைச் சட்டம் அப்படி.

ரெண்டு வயசுல ஒரு நாள், வெளிப்பக்கத்து வேலியை, அஞ்சடி வேலியை, நின்ன எடத்துலருந்து ரெண்டு எட்டு வச்சு தாண்டிட்டா. அன்னைக்கு முதலாளி அங்க இருந்தாரு. ரேஸுக்கு ஆகாதது தாண்டற விளையாட்டுக்கு ஆகும், அதுக்கு ஜாதிப் புஸ்தகம் வேணாம், ஊருல எவ்வளவோ ரைடிங் ஸ்கூல் இருக்குன்னு அவருக்கு அப்பதான் உறைச்சுது. அந்த சீசன்லருந்து ஆறு பொட்டைங்களை சீமைக்குதிரைகிட்ட விடாம ஏழாம் லாயத்துச் சுவருலயே நிறுத்துங்கன்னு உத்தரவு. ஆறும் சினையாச்சு. ஆறும் திட்டுத்திட்டா குட்டி போட்டுச்சு. ரேஸ் பண்ணை விளையாட்டுக் குதிரைப் பண்ணையா மாறிச்சு, எங்க வேலையும் நிலைச்சுது. உயிரோட இருந்தப்ப ஒரு பொட்டையத் தொட விடாதவனை செத்தப்புறம் பொலிக்குதிரையாக்கிட்டாங்க. இது என்ன நியாயம்னு நான் வாய்விட்டுக் கேட்டேன். 

பாய் மட்டும் எளைச்சுட்டே வந்தாரு. காலு வீங்கிப்போச்சு, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. வாப்பா வந்துடுங்கன்னு ஷம்ஷாத் போன்ல அழறா. அவளுக்குப் பொண்ணு பொறந்து மூணு வயசாச்சு, இவரு அந்தக் கொழந்தைய போட்டோவுல பாத்ததோட சரி. போக முடியல. மொத தடவை பஸ் ஏறினாரு, கெலமங்கலம் தாண்டறப்ப பஸ்ஸுக்குள்ள கனைப்புச் சத்தம். டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, எவன்யா குதிரைய ஏத்தினதுன்னு சீட்டுக்குக் கீழெல்லாம் குனிஞ்சு பாத்தாரு. பாய் எறங்கித் திரும்பி நடந்து வந்துட்டாரு. மூணு தடவை போனாரு, மூணு தடவையும் அப்படியே.

"என்ன கேக்கறான் பாய் அவன்?"னு ஒரு நாள் நான் கேட்டேன். "பொட்டை வேணும்னான், வந்துச்சு. குட்டியே ஏழு ஆச்சு. இன்னும் என்ன?"

"நான் வாக்குக் குடுத்துட்டுத் தவறிட்டேன் ரத்னம்மா. என்னைத்தான் கேக்கறான்" அப்படின்னாரு பாய். அப்புறம் போனை எடுத்து பேத்தி போட்டோவைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாரு. "எனக்குன்னு ஒண்ணும் வேணாம் தங்கச்சி. இதை ஒரு தடவை பாக்கணும். கிட்ட நின்னு, ஒரு தடவை. பாத்துட்டா மனசு ஆறிடும்."

அதைக் கேட்டுட்டு மசால் கட்டைத் தூக்கிட்டுப் போனேன். மணி நாலு. மாப்பிள்ளை கனைச்சான். நான் கட்டோட அங்கயே நின்னுட்டேன். உயிரோட இருந்தப்ப அவன் நாலு மணிக்குக் கனைச்சதே இல்ல. சீசன் காலையில, பொட்டைங்க வர்றப்பதான் கனைப்பான். செத்த மொத வருஷமும் அப்படித்தான். சாயங்காலக் கனைப்பு எப்போ ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சுப் பாத்தா, பொம்மி பொறந்த மாசத்துலருந்து. வருஷம் பூரா, சீசன் இல்லாதப்பவும், தவறாம. நாலு மணிக்கு என்ன நடக்குதுன்னா, மேய்ச்சல்லருந்து குட்டிங்களைத் திரும்ப ஓட்டிட்டு வருவாங்க. பண்ணைக்கு அந்தக் கோடியில, ஏழாம் லாயத்துக்குத் தெரியாத பாதையில. ஆண்குதிரை குட்டியைக் கண்டா கடிச்சுக் கொன்னுடும்னு பண்ணைச் சட்டம். பொலி ஆனாலும் டீசர் ஆனாலும், குட்டி கண்ணுல படக்கூடாது. அவன் செத்தப்புறமும் அந்தச் சட்டத்தை யாரும் எடுக்கல.

அவன் கேக்கறது குட்டியப் பாக்கத்தான்னு பாய்கிட்ட சொன்னேன். அவரு தலையாட்டினாரு. "ஆம்பளைக் குதிரைக்கு அந்தப் பாசமெல்லாம் கெடையாதும்மா. நான் நாப்பது வருஷம் பாத்துட்டேன்." பொன்னப்பாகிட்டயும் சொன்னேன். அவரு தொப்பியைக் கழட்டி மேசைமேல வச்சாரு. "அவன் அமைதியாயிட்டா இந்தப் பண்ணை என்னாகும்னு தெரியுமா? உனக்கு வேலை இருக்காது ரத்னா"ன்னாரு. தெரியும். என் வீட்டுல நான் கொண்டுபோறதைத்தான் எல்லாரும் திங்கணும். அதனால வாயை மூடிட்டேன். ஆவணியில பால் மறந்த அந்த ஆறு குட்டிங்களையும் லாரியில ஏத்தி அனுப்பினாங்க. மூணு நாளும் மூணு ராத்திரியும் மாப்பிள்ளை ஓயல. பலகைச் சுவரு மேல் சட்டத்தைக் கடிச்சுத் துணுக்குத் துணுக்கா ஆக்கிட்டான். பாய் காதுல பஞ்சை வச்சுட்டு, சுவத்துல சாஞ்சு, மூச்சு விட முடியாம உக்காந்திருந்தாரு. இந்த மனுஷன் இங்கயே செத்துடுவாரு, பேத்தி மூஞ்சியப் பாக்கமாட்டாருன்னு எனக்கு அப்பதான் நல்லாத் தெரிஞ்சுது.

புரட்டாசியில பொம்மியை வாங்க சென்னையிலருந்து ஒரு அம்மா வந்தாங்க. தாண்டற குதிரைக்குப் பயிற்சி குடுக்கறவங்க. தொட்டுப் பாத்தாங்க, ஓடவிட்டுப் பாத்தாங்க, தாண்டவிட்டுப் பாத்துட்டுக் கண்ணாடியைக் கழட்டி கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. மத்தியானம் பேசி முடிச்சு, லாரி வந்து, பலகை போட்டு, ஏத்தறதுக்குள்ள மணி நாலு ஆகப்போகுது. பொம்மி ஏறமாட்டேங்கறா. நாலு ஆம்பளைங்க தள்ளியும் நகரல. "ரத்னா, உன் கட்டைக் கொண்டா"ன்னு பொன்னப்பா கத்தினாரு. நான் மசால் கட்டைத் தலைக்குத் தூக்கினேன். பொம்மி திரும்பினா. நான் லாரிப் பக்கம்தான் நடந்திருக்கணும். நடக்கல. ஏழாம் லாயத்தைப் பாத்து நடந்தேன், அவ என் பின்னாடியே வந்தா.

வாசல்ல பாய். நான் எதுக்கு வரேன்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு. கையை விரிச்சு மறிச்சாரு. "வேணாம் ரத்னம்மா. அடிச்சுடுவான்."

"செத்துப்போனவன் என்னத்த பாய் அடிப்பான்?"

"செத்துப்போனவனாலதான் இவளே பொறந்தா."

 புட்டிப் பால் குடுத்து வளத்தவளை என் கண்ணு முன்னாடி அவன் கடிச்சுக் கொதறிட்டா என்ன பண்ணுவேன்? பின்னாடி பொன்னப்பா பூட்ஸ் சத்தம் ஓடி வருது. "பாய், நீங்க ஒரு தடவை பாத்தா போதும்னீங்களே" அப்படின்னேன். அவரு கை தானா எறங்கிடுச்சு. நான் தாழ்ப்பாளைத் தூக்கினேன். பொம்மி என் தலைமேல இருந்த கட்டை விட்டுட்டு, காதை முன்னுக்கு நீட்டி, உள்ள போனா.

உள்ள ஒண்ணும் இல்ல. தொட்டி, கடிச்ச சட்டம், வைக்கோல். பொம்மி நடுவுல நின்னா. கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, வாயைத் தொறந்து மூடித் தொறந்து மூடி மென்னு காட்டினா. பொறந்து பத்து நாள் ஆன குட்டி பெரிய குதிரைக்கு முன்னாடி, நான் சின்னது, அடிக்காதேன்னு அப்படித்தான் காட்டும். மூணரை வயசுக்காரி, அஞ்சடி வேலி தாண்டறவ, காலி லாயத்துல நின்னு அதைப் பண்ணினா. வைக்கோல் நசுங்கற சத்தம் கிட்டக் கிட்ட வந்துச்சு. பாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பொம்மியோட பிடரி முடியற எடத்துல, தோள்மேட்டுல, மயிரு பிரிஞ்சுது, சாஞ்சுது, நனைஞ்சுது. கடிக்கல. நக்கினான். ஒவ்வொரு திட்டா, வெள்ளையை ஒரு தடவை, செம்மண்ணை ஒரு தடவை, அவசரமே இல்லாம. அப்புறம் ஒரு பெரிய மூச்சு. தொட்டித் தண்ணி ஒரு தடவை ஆடி நின்னுச்சு. நான் அழுதேன், பாய் அழுதாரு, பின்னாடி நின்ன பொன்னப்பா ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துட்டாரு.

"என்ன பண்ணிட்ட ரத்னா"ன்னாரு.

"பாக்க வச்சேன் சார். வேற ஒண்ணும் பண்ணல."

பொம்மி தானா வெளிய வந்தா, தானா லாரியில ஏறினா. தோள்ல கைபட்டதும் அந்த அம்மா, "குளிப்பாட்டினீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் நாலு மணி சும்மா நாலு மணியா வந்துட்டுப் போச்சு. பாய் மூணு நாள் காத்திருந்து பாத்துட்டு, நாலாம் நாள் காலை பஸ்ல போனாரு. பஸ்ல கனைப்பு இல்ல. அடுத்த மாசியில பொட்டைங்க சுவருகிட்ட வந்து, நின்னு, காலி லாயத்தைப் பாத்துட்டு நடந்துடுச்சுங்க, ஒண்ணும் சினையாகல. சீமைக்குதிரையை எப்பவோ வித்தாச்சு. பொன்னப்பா ஊருக்குப் போயிட்டாரு. பண்ணையை ரோஜாக்காரங்க வாங்கினாங்க. குதிரைமசால் அறுத்த கையில இப்ப ரோஜா வெட்டறேன், வேப்பமரம் அஞ்சாம் கொட்டகைக்குப் பின்னாடி இன்னும் நிக்குது.

வாணியம்பாடியிலருந்து பாய் தெனமும் போன் பண்ணுவாரு. சரியா நாலு மணிக்கு. "ரத்னம்மா, கேக்குதா?" அம்பாரு. "இல்ல பாய்" அம்பேன். "நல்லது" அம்பாரு. பின்னாடி பேத்தி ஏதோ கத்திட்டு ஓடுற சத்தம் கேக்கும், வச்சுடுவாரு. ஆறு மாசம் அப்படிப் பேசினோம், வேற ஒரு வார்த்தை பேசல. பங்குனியில ஒரு நாள் போன் வரல. அடுத்த நாளும் வரல. மூணாம் நாள் ஷம்ஷாத் பேசினா.

இப்பவும் நாலு மணி ஆனா என் கத்தரி தானா நின்னுடும். எது கேக்கும்னு நிக்கறேன்னு எனக்கே தெரியல, குதிரையா, போனா. சூபர்வைசர் வந்து, என்னக்கா வேலையப் பாருங்கறான். "ஒரு நிமிஷம் இரு தம்பி" அம்பேன். ஒண்ணும் கேக்கறதில்ல. "நல்லது"ன்னு நானே சொல்லிட்டு அடுத்த செடிக்குப் போறேன்.